டபுள் புரமோஷன்

2025 ஜூன் 25, புதன்கிழமை ராத்திரி என்.பி.ஏ. டிராஃப்ட், அதாவது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து அணிகள் புது ஆட்களை வரிசைப்படி எடுக்கும் நாள். டல்லாஸ் மாவரிக்ஸ் முதல் ஆளாகக் கூப்பர் ஃபிளாக்கை எடுத்தார்கள். அவன்தான் முதல் ஆள் என்பது ஒரு வருஷமாக எல்லோருக்கும் தெரியும். எந்த ஊருக்குப் போவான் என்பதுதான் பாக்கி இருந்தது. முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு யாருக்கு என்று தீர்மானிக்கும் மே மாதக் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வியாழக்கிழமை காலையில் நான் காபிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தபோது அருப்புக்கோட்டையிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார்.

"உன் பையன் ஃபர்ஸ்ட் வந்துட்டானாமே பாப்பா?"

என் பையன் என்று அவர் சொன்னது ஃபிளாக்கை. நான் பெற்றவன் மாடியில் போர்வைக்குள் கிடந்தான். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு டிராஃப்ட் என்றால் ரேங்க் லிஸ்ட். நவம்பரிலிருந்து நான் இந்தப் பையனைப் பற்றியே பேசிப் பேசி, அவரும் யூடியூபில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நாங்கள் வட கரோலைனாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறோம். டியூக் பல்கலைக்கழகம் இருக்கும் டர்ஹம் இங்கிருந்து அரை மணி நேரக் கார் பயணம். டியூக்குக்கும் சேப்பல் ஹில்லில் இருக்கும் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் பத்து மைல்தான். இந்தப் பத்து மைல் பகையில் ஒரு பக்கம் சேராமல் இந்த ஊரில் குடித்தனம் நடத்த முடியாது. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் அப்பாக்கள்கூட இரண்டு நிற டி-ஷர்ட்டாகப் பிரிந்துதான் நிற்பார்கள். நான் பத்து வருஷம் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தேன். 2023இல் ஒரு செய்தி படித்தேன். மெயின் மாநிலத்துப் பையன், இந்தக் கூப்பர் ஃபிளாக், நாட்டிலேயே பெரிய பள்ளி ஆட்டக்காரன் என்று பேர் வாங்கியவன், ஒரு வகுப்பைத் தாண்டி ஒரு வருஷம் முன்னாலேயே கல்லூரிக்கு வரப்போகிறானாம். ரீகிளாசிஃபை என்று எழுதியிருந்தார்கள். நம்மூரில் அதற்கு அழகான பேர் இருக்கிறது: டபுள் புரமோஷன்.

எனக்கும் அது நடந்தது. இரண்டாம் வகுப்பிலிருந்து நேரே நாலாம் வகுப்பு. அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடம்தான். "வாத்தியார் மக, மூளைக்காரி" என்று தெருவே பேசியது. அந்தப் பேச்சில் வளர்ந்த எனக்கு, டபுள் புரமோஷன் வாங்கிய இன்னொரு ஆளைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

ஃபிளாக் பிறந்த நியூபோர்ட், மூவாயிரம் பேர் இருக்கிற ஊர். அம்மா கெல்லி மெயின் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். அப்பா ரால்ஃபும் கல்லூரி ஆட்டக்காரர். கூப்பரும் அவனோடு பிறந்த இரட்டை ஏஸும் காரில் போகும்போது பார்த்தது கார்ட்டூன் இல்லை. 1985-86 பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டங்களின் டிவிடி. ஒன்பதாம் வகுப்பிலேயே உள்ளூர் நோகோமிஸ் பள்ளிக்கு மாநிலக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். அந்தப் பள்ளிக்கு அதுதான் முதல் கோப்பை. பிறகு ஃபுளோரிடாவில் மான்ட்வெர்ட் அகாடமி. அங்கே கடைசி வருஷம் 33 ஆட்டம், 33 வெற்றி. இந்த 33-0ஐக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பைத் தாண்டியதற்குக் கணக்கு உண்டு. என்.பி.ஏ.வில் ஓர் அமெரிக்கப் பையனை எடுக்க வேண்டுமானால், அந்த ஆண்டுக்குள் அவனுக்கு 19 வயது ஆக வேண்டும். பள்ளி முடித்து ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். ஃபிளாக் பிறந்தது 2006 டிசம்பர் 21. பதினொரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் வகுப்பைத் தாண்டியும் இந்த வருஷம் எடுத்திருக்க முடியாது. தாண்டாமல் இருந்தாலும் அடுத்த வருஷம்தான். ஜாதகம் பார்த்துப் பெற்ற மாதிரி இருக்கிறது என்றார் அப்பா.

ஆகவே டியூக்கில் சேர்ந்து முதல் ஆட்டம் ஆடியபோது அவனுக்குப் பதினேழு வயது. அதற்கு முன்னால் ஜூலையிலேயே லாஸ் வேகஸில், ஒலிம்பிக்குக்குக் கிளம்பிய அமெரிக்க அணிக்குப் பயிற்சி கொடுக்கும் அணியில் அவனைச் சேர்த்து இறக்கினார்கள். என்.பி.ஏ. நட்சத்திரம் ஆன்டனி டேவிஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அவர் தலைக்கு மேலே தூரத்திலிருந்து மூன்று புள்ளி தரும் ஒரு த்ரீ போட்டான். அந்தத் துண்டு வீடியோவை என் மகன் எத்தனை தடவை பார்த்தான் என்று கணக்கில்லை. அவனுக்குப் பதிமூன்று வயது, ஏழாம் வகுப்பு, பள்ளி அணியில் பாதி நேரம் பெஞ்ச்.

நான் அந்த வீடியோவில் மயங்கவில்லை. பயிற்சி ஆட்டத்தில் யாரும் இடுப்பால் தள்ள மாட்டார்கள்.

இடுப்பால் தள்ளுவது என்றால் என்ன என்று எனக்கு 1996இல் தெரிந்தது. பள்ளியில் நான் கூடைப்பந்து அணியின் கேப்டன். மாவட்ட அளவில் இரண்டு கோப்பை. அதை வைத்து மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைத்தது. டபுள் புரமோஷன் புண்ணியத்தில் வயது பதினாறு. முதல் நாள் செலக்‌ஷன். சிமெண்டுத் தரை, கோடு சுண்ணாம்பில் போட்டது, வளையத்தில் வலை கிடையாது. பந்து தேய்ந்து வழவழவென்று தக்காளிப்பழம் மாதிரி இருந்தது. அண்ணனுடைய ட்ராக் பேன்ட்டை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுருட்டி நாடா கட்டியிருந்தேன். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது, ரீபவுண்டுக்கு எம்பினேன். பக்கத்தில் நின்ற மூன்றாம் வருஷத்து அக்கா எம்பவேயில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பைப் பின்னால் ஒரு இஞ்ச் நகர்த்தினார். அவ்வளவுதான். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், உள்ளங்கையில் சிமெண்டுப் பொடி. பந்து தானாக அந்த அக்கா கையில் வந்து விழுந்தது. ஃபவுல் கூட இல்லை, நியாயமான ஆட்டம்.

"யாருப்பா இது, எல்.கே.ஜி. பாப்பாவைக் கூட்டிட்டு வந்தது?" என்று யாரோ சிரித்தார்கள். மூன்று வருஷமும் எனக்கு எல்.கே.ஜி. என்பதுதான் பேர். பள்ளியில் எனக்குக் கைவந்த எதுவும் அங்கே கைகொடுக்கவில்லை. ஓடுவேன், கை சுத்தம், பந்தைக் கீழே பார்க்காமல் தட்டத் தெரியும். ஆனால் எதிரில் நிற்பவர்கள் எல்லோரும் என்னைவிட ஒரு வருஷம் அதிகம் சாப்பிட்டவர்கள். ஜெயிப்பது உறுதியான பிறகு, கடைசி இரண்டு நிமிஷத்தில் கோச் என் பக்கம் திரும்புவார்: "எல்.கே.ஜி.யை இறக்கலாம்."

அதனால் ஃபிளாக்கின் ஆட்டங்களை நான் பந்தைப் பார்க்காமல் அவன் இடுப்பைப் பார்த்துத்தான் பார்த்தேன். இங்கே பள்ளி ஆட்டம் 32 நிமிஷம்; கல்லூரியில் 40. த்ரீ பாயின்ட் கோடு பள்ளியில் 19 அடி 9 அங்குலம். கல்லூரியில் 22 அடிக்குக் கொஞ்சம் மேல். முப்பது நொடிக்குள் எறிந்தாக வேண்டும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஆட்களின் வயது. கோவிட் காலத்தில் எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடுதலாக ஆட அனுமதி கொடுத்ததால், போன சீசனில் 23, 24 வயது ஆட்கள் ஏகப்பட்ட பேர் கல்லூரி அணிகளில் இருந்தார்கள். பதினேழு வயதுப் பையன் அவர்களோடு முட்ட வேண்டும்.

முட்டினான். நவம்பர் 4, முதல் ஆட்டம், எதிரில் அவன் சொந்த மாநிலமான மெயின் பல்கலைக்கழகம். அம்மா ஆடிய அணி. கூடப் பிறந்த ஏஸ் சேரப்போகிற அணி. 18 புள்ளி எடுத்தான்; நடுவில் கால் தசை பிடித்துக்கொண்டது. பையன் தண்ணீர் குடிக்கவில்லை என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டினேன். எட்டு நாள் கழித்து அட்லாண்டாவில் கென்டக்கி. 26 புள்ளி, 12 ரீபவுண்டு. ஆனால் ஆட்டம் சமமாக இருந்த கடைசி நொடிகளில் பந்து அவன் கையில். உள்ளே புகுந்தான், பறித்துக்கொண்டார்கள். அடுத்த தடவையும் அவன் கையிலிருந்தே போனது. 77-72, தோல்வி.

என் மகன் ரிமோட்டை சோபாவில் எறிந்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். பார்த்தாயா, ஒரு வருஷம் குறைகிறது என்று.

அப்புறம் அந்தப் பையன் என் வாயை அடைத்தான். ஜனவரி 11, நாட்டர் டேம் அணிக்கு எதிராக 42 புள்ளி. டியூக் ஆடும் ஏ.சி.சி. என்ற கல்லூரி அணிகள் அமைப்பின் வரலாற்றில் முதலாண்டு மாணவர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. 14 எறிந்து 11 உள்ளே. எதிராளி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 17க்கு 16. எனக்கு 42ஐவிட அந்த 17தான் பெரிது. பதினேழு ஃப்ரீ த்ரோ என்றால் எதிராளிகள் அவனைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தனைக்கும் எழுந்து போய்க் கோட்டில் நின்றிருக்கிறான். அன்று ஏழு பாஸும் புள்ளியானது. சீசன் முடிவில் டியூக் அணியில் புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் முதல் ஆள் அவன்தான். அணியிலேயே சின்னவன்.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு டர்ஹம் போனேன். டிக்கெட் கிடைக்கும் என்றெல்லாம் இல்லை. டியூக் ஆடும் கேமரன் அரங்கம் 1940இல் திறந்தது; 9,314 இருக்கைதான். நம்ம கல்யாண மண்டபத்துக்கு அக்கா என்று சொல்லலாம். வெளியே புல்வெளியில் மாணவர்கள் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள், கரோலைனா ஆட்டத்துக்கு உள்ளே விடுவதற்காக. பழைய கோச் ஷஷெவ்ஸ்கியின் பெயரில் அந்த இடத்துக்கு ஷஷெவ்ஸ்கிவில் என்றே பேர். குளிரில் மூக்கு சிவக்க ஒரு பெண் கூடார வாசலில் உட்கார்ந்து, கையுறை போட்ட விரலால் கால்குலஸ் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். என் மகன் கேட்டான்: "இவங்க பரீட்சைக்கு வந்தவங்களா, மேட்ச்சுக்கு வந்தவங்களா?" இரண்டுக்கும் என்றேன்.

திரும்பி வரும்போது காரில் அவன் ஒரு விஷயம் சொன்னான். பள்ளியிலிருந்து கடிதம் வரப்போகிறது. மதிப்பெண் நன்றாக இருப்பதால் அவன் எட்டைத் தாண்டி நேராக ஒன்பதுக்குப் போகலாம் என்று. எனக்கு ஸ்டியரிங்கில் கை ஒரு நிமிஷம் இறுகியது. என் கணவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்தப் பக்கத்து நம்ம வீடுகளில் பிள்ளை ஒரு வகுப்பு முன்னால் போவது, புது வீடு வாங்கியதைவிடப் பெரிய செய்தி.

சரி, ஃபிளாக்குக்கு வருகிறேன். டியூக் அந்த சீசனில் 35 வெற்றி, 4 தோல்வி. அந்த நாலு தோல்வியை மட்டும் எடுத்து நான் ஒரு நாள் ராத்திரி நோட்டில் எழுதிப் பார்த்தேன். கென்டக்கியிடம் 5 புள்ளி. கான்சஸிடம் 3. கிளெம்சனிடம் 6, அதிலும் கடைசியில் பந்தோடு உள்ளே போகும்போது வழுக்கி விழுந்தான். ஹூஸ்டனிடம் 3. நாலும் கடைசி நிமிஷத்தில் போனவை. ஜெயித்த ஆட்டங்களிலோ பெரும்பாலும் எதிரணியை ஊதித் தள்ளியிருந்தார்கள். சீசன் முழுவதையும் சேர்த்து சராசரி வித்தியாசமே 20 புள்ளிக்குப் பக்கம். இங்கேதான் அந்த 33-0. பள்ளியிலும் ஜெயித்துக்கொண்டே இருந்த பையன். கல்லூரியிலும் இருபது வித்தியாசத்தில் ஜெயிக்கிற அணி. கடைசி ஒரு நிமிஷம் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் மூச்சை அடக்கி ஆடுவதற்கு அவனுக்குப் பயிற்சி எங்கே கிடைத்தது? டிவியில் பேசிய நிபுணர்கள் அனுபவம் போதாது என்றார்கள். எனக்கென்னவோ, தோற்றுப் பழக நேரம் கிடைக்கவில்லை என்றுதான் தோன்றியது. அவன் தாண்டிய அந்தப் பள்ளி வருஷத்தில் அது கிடைத்திருக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். அங்கேயும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

ஏப்ரல் 5, சான் அன்டோனியோ, தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதி, எதிரில் ஹூஸ்டன். எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது டியூக் 14 புள்ளி முன்னால். என் கணவர் கொட்டாவி விட்டு, "பதினாலு, இனிமே என்ன" என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார். கடைசி 35 நொடியில்கூட ஆறு புள்ளி முன்னிலை. பிறகு நடந்ததை இன்னும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஹூஸ்டன் ஒரு த்ரீ. டியூக் உள்ளே எறிந்த பந்தைப் பறித்தார்கள், ஒரு டங்க். டியூக் பக்கம் ஒரு ஃப்ரீ த்ரோ தவறியது. அந்த ரீபவுண்டில் ஃபிளாக் மேல் ஃபவுல், ஜ்வான் ராபர்ட்ஸ் என்ற ஆளின் தோளுக்கு மேலே கையை நீட்டினான் என்று. ராபர்ட்ஸ் கோட்டுக்குப் போய் இரண்டையும் போட்டார். ஹூஸ்டன் முன்னால், 68-67.

இன்னும் பதினெட்டு நொடி மாதிரி. டியூக் கோச் ஷையர் டைம் அவுட் எடுத்தார். என் மகன் தரைவிரிப்பில் மண்டி போட்டிருந்தான். பந்து யார் கைக்குப் போகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும்தான். ஃபிளாக் வாங்கினான், உள்ளே நகர்ந்தான், பத்துப் பன்னிரண்டு அடியில் நின்று எம்பினான். எதிரில் கையை உயர்த்தி நின்றது அதே ராபர்ட்ஸ். வயது 23. ஹூஸ்டனில் அவருக்கு அது ஆறாவது வருஷம். ஃபிளாக்குக்குக் கல்லூரியில் எட்டாவது மாதம் இருக்கும். பந்து வளையத்தின் முன் விளிம்புவரைதான் போனது.

70-67. அவன் அந்த ஆட்டத்தில் எடுத்தது 27.

மகன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். நான் மட்டும் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நவம்பரில் வந்த அந்த அற்ப சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கடைசிப் பந்தைச் சின்னவன் கையில் கொடுத்தார்கள். அந்த அணியில் அவனைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். கென்டக்கியிடம் பந்தைப் பறிகொடுத்தான், கிளெம்சனில் வழுக்கினான்; அதற்குப் பிறகும் அவனிடமே கொடுத்தார்கள். எனக்கு மூன்று வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆட்டம் சமமாக இருக்கும்போது பந்தைக் கொடுத்திருந்தால் நானும் முன் விளிம்பில்தான் அடித்திருப்பேன். அது வேறு விஷயம்.

காலையில் கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்தபடி, "எவ்வளவு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க?" என்று கேட்டார். நானும் மகனும் பதில் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துப் படிவத்தை மே மாதம் திருப்பிக் கொடுத்தோம், வேண்டாம் என்று. கணவரும் நானும் நாலு நாள் சண்டை போட்டோம். கடைசியில் முடிவு எடுத்தது மகன்தான். அவன் காரணத்தில் தத்துவம் எதுவும் இல்லை: "எய்த்ல நான்தான்மா சென்டர். நைன்த் போனா டீமே கிடைக்காது." போன டிசம்பரிலிருந்து மூன்று அங்குலம் வளர்ந்திருக்கிறான். கணவருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் காரைத் துடைக்கப் போய்விடுகிறார்.

இப்போது வியாழக்கிழமைக் காலை. அப்பாவிடம் டல்லாஸ், சம்பளம், ஒப்பந்தம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஏதோ தோன்றிக் கேட்டுவிட்டேன். "ஏன்ப்பா, என்னை மூணாம் கிளாஸ் படிக்கவிடாம நாலாவதுல கொண்டு போய் உக்கார வச்சீங்க? நான் அவ்வளவு நல்லாவா படிச்சேன்?"

அப்பா போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார். மூக்கும் கண்ணாடியும்தான் தெரிந்தது.

"மூணாம் கிளாஸ் டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்க பாப்பா. பதிலுக்கு ஆளே போடல. ரெண்டையும் மூணையும் ஒரே ரூம்ல அடைச்சு வச்சிருந்தேன். நீ அங்க இருக்காம வேப்ப மரத்தடியிலயே சுத்திட்டு இருப்ப. நாலாவதுல மூணு இடம் காலி இருந்துச்சு."

"அப்ப மூளைக்காரின்னு சொன்னதெல்லாம்?"

"அது தெருவுல சொன்னது. நான் எங்க சொன்னேன்?" என்றார். பிறகு, "அந்தப் பையன் டீச்சரும் லீவா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

டிகாக்ஷன் ஆறிப்போயிருந்தது. மறுபடி வெந்நீர் வைத்தேன்.